நாற்பது பவுண்ட் உயிர்

18ஆம் நூற்றாண்டு லண்டனில் கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பது லாபமான தொழில். அந்தத் தொழிலின் குட்டை உடைத்ததும் ஒரு கூட்டாளியின் வாக்குமூலம்தான்.

1754 ஆகஸ்ட். லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தின் மெய்ட்ஸ்டன் நகரில் கோர்ட் கூடியிருந்தது. குற்றவாளிக் கூண்டில் பீட்டர் கெல்லி, ஜான் எல்லிஸ் என்று இரண்டு இளைஞர்கள். லண்டன் தெருக்களில் பிக்பாக்கெட் அடித்து வயிறு வளர்த்தவர்கள். இப்போது அவர்கள்மீது இருந்த குற்றச்சாட்டு அதைவிடப் பெரியது. டெட்ஃபோர்ட் அருகே பொதுச் சாலையில் ஜேம்ஸ் சால்மன் என்ற தோல் கால்சட்டைத் தையல்காரரை மறித்துக் கொள்ளையடித்தார்கள் என்பது வழக்கு. சால்மன் கூண்டில் ஏறி சத்தியம் செய்தார். பறிகொடுத்த கால்சட்டைகளை அடையாளம் காட்டினார். இளைஞர்களைப் பிடித்துக் கொடுத்த ஸ்டீஃபன் மக்டேனியல் எப்படிப் பிடித்தோம் என்று விவரித்தார். ஓட்டை இல்லாத வழக்கு. குற்றவாளிகள் என்றது ஜூரி. வழிப்பறிக்கு அன்றைய தண்டனை தூக்கு.

ஒரே ஒரு குறை. கொள்ளையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாமவன் தப்பி ஓடிவிட்டதாகச் சொன்னார்கள். அவன் எங்கும் ஓடவில்லை. தாமஸ் ப்ளீ என்ற அந்த ஆசாமி அந்த வட்டாரத்தின் ஹை கான்ஸ்டபிள் ஜோசஃப் காக்ஸின் பிடியில் பத்திரமாக இருந்தான். நடந்தது அத்தனையையும் காக்ஸிடம் ஏற்கெனவே கக்கியிருந்தான். அந்த வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டே, ஜூரி தீர்ப்புச் சொல்லும்வரை காக்ஸ் வாய் திறக்கவில்லை. இரண்டு பேரின் கழுத்துக்குக் கயிறு நிச்சயமாகும்வரை ஓர் அதிகாரி எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

ப்ளீ சொன்ன கதையில் அதற்குப் பதில் இருக்கிறது.

கொள்ளையைத் திட்டமிட்டவர்கள் நான்கு பேர். மக்டேனியல், ஜான் பெர்ரி, ஜேம்ஸ் ஈகன், நான்காவது ஆள் 'பறிகொடுத்த' அதே சால்மன். ப்ளீ அவர்களுடைய எடுபிடி. கொள்ளையடிக்க ஆள் பிடித்து வருவது அவன் வேலை. லண்டனில் சுற்றித் திரிந்த கெல்லியையும் எல்லிஸையும் அவன் பேசி மடக்கினான். டெட்ஃபோர்ட் பக்கம் நல்ல வேட்டை கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்துப் போனான். குறித்த நாளில், குறித்த இடத்தில், அடையாளம் வைத்த பொருள்களுடன் சால்மன் வந்து நின்றார். பிள்ளைகள் பறித்தார்கள். பறித்ததை விற்க ப்ளீயே இடம் காட்டினான். வாங்க வந்தது ஈகன். பிறகு மக்டேனியல் வந்து அமுக்கினார். ப்ளீயை மட்டும் நழுவ விட்டார்கள்.

டெட்ஃபோர்டைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருந்தது. வழிப்பறிக்காரனைப் பிடித்துக் கொடுத்து அவன் குற்றவாளி எனத் தீர்ப்பானால் அரசாங்கம் 40 பவுண்ட் தரும். இது 1692ஆம் வருடச் சட்டம். கொள்ளைத் தொல்லை தாங்காமல் கிரீனிச் வட்டாரத்துக்காரர்கள் தங்கள் பங்குக்கு மேலும் 20 பவுண்ட் அறிவித்திருந்தார்கள். அதாவது தலைக்கு 60. அன்றைய லண்டனில் ஒரு கூலிக்காரர் வருடம் முழுக்க உழைத்தாலும் 25 பவுண்டைத் தாண்டுவது கஷ்டம். இரண்டு தலைகள் என்றால் அவருடைய நாலைந்து வருடச் சம்பாத்தியம்.

இந்தச் சன்மானம் ஆளைப் பிடித்ததற்காகக் கிடைக்காது. ஜூரி 'குற்றவாளி' என்று சொன்னால்தான் கிடைக்கும். காக்ஸ் காத்திருந்தது அதனால்தான். முன்கூட்டியே ப்ளீயைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால், தப்பான ஆள்களைப் பிடித்துவிட்டோம், மன்னியுங்கள் என்று நால்வரும் கையை உதறியிருப்பார்கள். கோர்ட்டில் சத்தியம் செய்து, இரண்டு பேரைத் தூக்குக்கு அனுப்பி, பணத்துக்குக் கை நீட்டும் நேரம்வரை விட்டுப்பிடித்தார் காக்ஸ். தீர்ப்பு வந்ததும் நால்வரும் கைதானார்கள். ப்ளீயின் வாக்குமூலத்தால் கெல்லியும் எல்லிஸும் கயிற்றிலிருந்து தப்பினார்கள். காக்ஸின் சூதாட்டம் பலித்தது. ஆனால் பணயமாக வைக்கப்பட்டவை தங்கள் தலைகள் என்பது கூண்டில் நின்ற அந்த இரண்டு பேருக்கும் தெரியாது.

சன்மானம் கொடுத்துக் குற்றவாளியைப் பிடிக்கும் யோசனை ஏன் வந்தது? காரணம் எளிது. லண்டனில் அப்போது போலீஸ் இல்லை. இன்று நாம் அறிந்த மாதிரியான சம்பளப் போலீஸ் அங்கே 1829இல்தான் வந்தது. அதுவரை தெருக்களைக் காத்தவர்கள் வயதான இரவுக் காவலாளிகளும், முறைவைத்து வேலை பார்த்த கான்ஸ்டபிள்களும்தான். பொருளைப் பறிகொடுத்தவரே திருடனைத் தேடி, சாட்சி சேர்த்து, செலவு செய்து வழக்கு நடத்த வேண்டும். இருட்டில் முகமூடியுடன் வந்து பறித்தவனை யார் அடையாளம் காட்டுவது? காட்டக்கூடியவன் ஒருவன்தான். அவனோடு கூட வந்தவன்.

ஆகவே சட்டம் கூட்டாளியிடம் பேரம் பேசியது. 1692ஆம் வருடச் சட்டத்திலேயே இன்னொரு சலுகையும் இருந்தது: சிறைக்கு வெளியே இருக்கும் கொள்ளைக்காரன் ஒருவன் வேறு இரண்டு கொள்ளைக்காரர்களைக் காட்டிக்கொடுத்துத் தண்டனை வாங்கித் தந்தால் அவனுக்கு மன்னிப்பு. மாஜிஸ்திரேட்டுகளும் தங்கள் வழியில் இதையே செய்தார்கள். ஒரு கும்பல் சிக்கினால் அதில் யாரை அரசுத் தரப்புச் சாட்சியாக எடுத்துக்கொள்வது என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். தேர்வான ஆள் தன் குற்றங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். உடன் இருந்தவர்கள் பெயரைச் சொல்ல வேண்டும். விசாரணை நாளில் கூண்டில் ஏறி அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பதிலுக்கு அவன்மீது வழக்கு இல்லை. முதலில் வாய் திறப்பவனுக்கு உயிர், தாமதிப்பவனுக்குக் கயிறு. நேற்றுவரை ஒரே மேஜையில் ஜின் குடித்தவர்கள் மாஜிஸ்திரேட் வீட்டுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள்.

1720இல் அரசாங்கம் ஏலத்தை மேலும் ஏற்றியது. லண்டனிலும் அதைச் சுற்றிலும் நடக்கும் வழிப்பறிக்கு 40 பவுண்டோடு இன்னும் 100 பவுண்ட் தருவதாக அரச அறிவிப்பு வெளியானது. லண்டன் தெருக்கொள்ளைக்காரன் ஒருவனின் தலை ஒரே நாளில் 140 பவுண்ட் ஆனது.

இந்தச் சந்தையில் கொடிகட்டிப் பறந்தவர் ஜொனாதன் வைல்ட். திருடர்களைப் பிடிப்பவர் என்று ஊரெல்லாம் பெயர். திருட்டுக் கும்பல்களை ஆட்டிவைப்பவரும் அவரே. சொன்னபடி கேட்கிற திருடனுக்குப் பாதுகாப்பு, கேட்காதவனுக்குக் கோர்ட். அவரிடம் மாட்டியவன் ஜோசஃப் பிளேக், பட்டப்பெயர் 'ப்ளூஸ்கின்'. தெருக்கொள்ளைகளில் தன் பங்கை ஒப்புக்கொண்டு 1723இல் சாட்சி சொன்னான். அவன் வார்த்தையால் லெவி, ஓக்கி, ஃப்ளட் என்ற மூன்று கூட்டாளிகள் தூக்கில் தொங்கினார்கள். விடுதலையும் சன்மானமும் வரும் என்று எதிர்பார்த்தவனுக்குக் கிடைத்தது சிறை. தானாக வந்து சரணடையவில்லை, எதிர்த்து நின்று பிடிபட்டவன் என்பது சொல்லப்பட்ட காரணம். அடுத்த வருடம் வெளியே வந்து, சிறைகளிலிருந்து தப்புவதில் மன்னன் என்று பெயர் வாங்கிய ஜாக் ஷெப்பர்டுடன் சேர்ந்து ஒரு துணிக்கடைக்காரர் வீட்டில் கன்னம் வைத்தான். மறுபடியும் வைல்டின் கையில் சிக்கினான். இந்த முறை சாட்சி சொல்ல வேறொரு கூட்டாளி தயாராக இருந்தான், பெயர் வில்லியம் ஃபீல்ட். எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று வைல்டிடம் கெஞ்சினான் பிளேக். முடியாது என்ற பதில் வந்ததும் சின்னக் கத்தியை எடுத்து அவர் கழுத்தை அறுத்துவிட்டான். வைல்ட் பிழைத்துக்கொண்டார். 1724 நவம்பரில் பிளேக் தூக்கிலேறினான். சில நாள்களில் ஷெப்பர்டும். ஆறே மாதத்தில், 1725 மே 24 அன்று, திருட்டு லேஸ் துணியை உரியவரிடம் சேர்க்கப் பணம் வாங்கிய குற்றத்துக்காக வைல்டும் அதே டைபர்ன் தூக்குமேடைக்குப் போனார்.

வைல்ட் செத்தாலும் தொழில் சாகவில்லை. அதன் அடுத்த கட்டத்தைத்தான் மக்டேனியல் கும்பல் கண்டுபிடித்தது. குற்றவாளியைத் தேடி ஏன் அலைய வேண்டும், நாமே தயாரித்துக்கொண்டால் என்ன என்று.

அன்றைய விசாரணை முறை அவர்களுக்கு வசதியாக இருந்தது. ஒரு வழக்கு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குற்றம்சாட்டப்பட்டவருக்காக ஜூரியின் முன் வக்கீல் வாதாடும் உரிமை 1836இல்தான் வந்தது. அதற்கு முன் வக்கீல் குறுக்கு விசாரணை செய்யலாம், அவ்வளவுதான். அதற்கும் காசு வேண்டும். தன் பக்கத்தை சத்தியம் செய்து சொல்லும் உரிமைக்கு 1898வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பில் மூன்று பேர் பைபிளைத் தொட்டுச் சொல்வார்கள். கூண்டில் நிற்கும் ஏழைக்கு 'நான் செய்யவில்லை' என்ற ஒரு வாக்கியம்தான் மிச்சம்.

ஜோஷுவா கிட்டனிடம் இருந்ததும் அந்த ஒரு வாக்கியம்தான்.

கெல்லி, எல்லிஸ் விவகாரத்தையாவது, எப்படியும் திருடர்கள்தானே என்று அன்றைய கனவான்கள் ஒதுக்கியிருக்கலாம். கிட்டன் திருடர் அல்ல. கூலி வேலை தேடி நின்றவர். அவரிடம் ப்ளீ போய், லண்டனுக்கு வடக்கே டாட்டன்ஹாமிலிருந்து சாமான் தூக்கி வர ஆள் வேண்டும் என்றான். கிட்டன் நம்பிப் போனார். அங்கே தூக்குவதற்குச் சாமான் எதுவும் இல்லை. திரும்பும் வழியில் மேரி ஜோன்ஸ் என்ற பெண், இவன்தான் என்னைக் கொள்ளையடித்தான் என்று கிட்டனைக் கைகாட்டினாள். பிடிக்க மக்டேனியல் தயாராக இருந்தார். ப்ளீ வழக்கம்போல 'தப்பி ஓடிய கூட்டாளி' ஆனான். கிட்டன் குற்றத்தை மறுத்தார். ஜூரி நம்பவில்லை. 1754 பிப்ரவரியில் அவரைத் தூக்கிலிட்டார்கள். மேரி ஜோன்ஸும் மக்டேனியல் கூட்டமும் சன்மானத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இத்தனையும் வெளியே வந்தது ப்ளீ வாய் திறந்ததால்தான். மனசாட்சி உறுத்தி அவன் பேசியதாக நினைக்க இடமில்லை. மாட்டிக்கொண்டான், பேசினான். முந்திப் பேசுபவன் பிழைப்பான் என்ற கணக்கு அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? மற்றவர்களைத் தூக்கில் ஏற்ற மக்டேனியல் கும்பல் பயன்படுத்திய அதே விதி, கடைசியில் அந்தக் கும்பல் மீதே பாய்ந்தது.

இப்படிப்பட்ட ஒருவனின் பேச்சை எவ்வளவு தூரம் நம்புவது? லண்டனின் புகழ்பெற்ற மாஜிஸ்திரேட்டும் நாவலாசிரியருமான ஹென்றி ஃபீல்டிங் 1751இல் கொள்ளைகள் பெருகியதற்கான காரணங்களைப் பற்றி எழுதிய நூலில் கூட்டாளி சாட்சிக்குப் பரிந்து பேசினார். இன்னொரு சாட்சியும் கூடவே வேண்டும் என்று நீதிபதிகள் அடம்பிடிப்பதால் கொள்ளைக்காரர்கள் தப்பிவிடுகிறார்கள் என்பது அவர் குறை. தினமும் திருடர்களைப் பார்த்த அனுபவத்தில் சொன்னார். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் மக்டேனியல் விவகாரம் அவருடைய வாதத்தை விட மோசமான ஒன்றைக் காட்டியது. மெய்ட்ஸ்டனில் சாட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. பறிகொடுத்தவர், பிடித்தவர், பொருள் எல்லாம் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தின. பொருந்தும்படி தைத்தவர்கள் ஒரே கடைக்காரர்கள் என்பதுதான் ஜூரிக்குத் தெரியாமல் போனது.

இந்தச் சந்தேகம் நம் நாட்டுச் சட்டத்திலும் தங்கியிருக்கிறது. பத்திரிகை படிக்கும் எவருக்கும் 'அப்ரூவர்' என்ற சொல் தெரியும். அது இங்கிலாந்தின் இடைக்காலச் சட்டத்தில் பிறந்த சொல். குற்றத்தை ஒப்புக்கொண்டு கூட்டாளிகளைக் காட்டிக்கொடுப்பவன் என்று பொருள். அவன் குற்றம்சாட்டியவர்கள் விடுதலையானால் அவனே தூக்கில் தொங்க வேண்டும் என்பது அந்தக் கால நிபந்தனை. அங்கே வழக்கொழிந்த அந்தச் சொல் இங்கே நிலைத்துவிட்டது. 1830களில் தக்கர்களை ஒடுக்கிய வில்லியம் ஸ்லீமன் ஃபெரிங்கியா போன்ற தலைவர்களையே அப்ரூவர்களாக்கி, அவர்கள் வாக்குமூலங்களைக் கொண்டு நூற்றுக்கணக்கானவர்களைத் தண்டித்தார். காந்தி கொலை வழக்கில் ஆயுத வியாபாரி திகம்பர் பாட்கே அப்ரூவராகித்தான் தப்பினார்.

1872ஆம் வருட இந்திய சாட்சியச் சட்டம் இந்த விஷயத்தில் இரண்டு குரலில் பேசியது. ஆதரவுச் சாட்சியம் இல்லை என்பதற்காக மட்டும் கூட்டாளியின் வார்த்தையை வைத்துத் தண்டித்தது சட்டவிரோதமாகாது என்றது 133ஆவது பிரிவு. முக்கிய விவரங்களில் ஆதரவுச் சாட்சியம் இல்லாவிட்டால் கூட்டாளி நம்பத்தகாதவன் என்று கோர்ட் கருதலாம் என்றது 114ஆவது பிரிவின் ஓர் உதாரணம். சாட்சி முதலில் நம்பகமானவராக இருக்க வேண்டும், பிறகு அவர் சொன்னதற்கு வேறு ஆதாரமும் வேண்டும் என்று 1957இல் சுப்ரீம் கோர்ட் இரட்டைச் சோதனை வைத்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 138ஆவது பிரிவு, ஆதரவுச் சாட்சியத்துடன் கூடிய வாக்குமூலம் என்றே எழுதிவிட்டது. மன்னிப்பு வழங்கும் பிரிவு மட்டும் எண் மாறி அப்படியே தொடர்கிறது.

மக்டேனியல் கும்பலின் கதை அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதில்தான் சட்டத்தின் விசித்திரம் தெரிகிறது. கொள்ளைக்குத் தூண்டிய உடந்தைகள் என்று அவர்கள்மீது 1755இல் லண்டன் ஓல்டு பெய்லி கோர்ட்டில் வழக்கு நடந்தது. நடந்த சம்பவங்களை ஜூரி உறுதிசெய்து, இது சட்டப்படி குற்றமா என்ற கேள்வியை நீதிபதிகளுக்கு அனுப்பியது. நீதிபதிகள் கூடி யோசித்தார்கள். சால்மன் தன் பொருளைத் தானே விரும்பிப் பறிகொடுத்தார். விருப்பத்தோடு கொடுத்தால் அது கொள்ளை ஆகாது. கொள்ளையே நடக்காதபோது கொள்ளைக்கு உடந்தை ஏது? இந்த வழக்கை வென்றார்கள் நான்கு பேரும்.

தர்க்கம் சுத்தமாக இருக்கிறது. ப்ளீ மட்டும் பேசாமல் இருந்திருந்தால், நடக்காத அந்தக் கொள்ளைக்காக இரண்டு பேர் செத்திருப்பார்கள் என்பதைத் தவிர.

அடுத்து சதி வழக்கு. இந்த முறை தப்ப முடியவில்லை. ஏழு வருடச் சிறை, அதோடு பில்லரியில் நிற்க வேண்டும். கழுத்தையும் கைகளையும் பலகை ஓட்டைகளில் மாட்டி நடுத்தெருவில் நிறுத்துவது பில்லரி. அவமானப்படுத்துவதற்கான தண்டனை என்று சட்டப் புத்தகம் சொல்லும். எந்த அளவுக்கு என்பதைக் கூட்டம் முடிவு செய்யும். 1756 மார்ச்சில் மக்டேனியலும் பெர்ரியும் ஹோல்பர்னில் நிறுத்தப்பட்டு உயிரோடு திரும்பியதே பெரும்பாடு. சில நாள்கள் கழித்து ஈகனையும் சால்மனையும் ஸ்மித்ஃபீல்ட் சந்தைத் திடலில் நிறுத்தினார்கள். கற்கள் பறந்தன. ஈகன் அங்கேயே செத்தார். சால்மன் குற்றுயிராக மீண்டார். நீதிபதிகள் கொடுக்காத மரண தண்டனையை ஜனங்கள் கொடுத்துவிட்டார்கள். அன்று கல்லெறிந்தவர்களைக் கண்டிக்க மனம் வரவில்லைதான். ஆனால் இதே மாதிரிக் கூட்டம்தான் இரண்டு வருடம் முன்பு கிட்டன் தூக்கில் தொங்கியதையும் வேடிக்கை பார்த்தது.

கிட்டனின் வழக்கு 1756 ஜூனில் வந்தது. பொய்ச் சாட்சியால் ஓர் உயிரைக் கொன்றதாக மக்டேனியல், பெர்ரி, மேரி ஜோன்ஸ் மூவர் மீதும் கொலைக் குற்றச்சாட்டு. குற்றவாளிகள் என்றது ஜூரி. தண்டனை நிறைவேற்றப்படவில்லை. பொய்ச் சாட்சி சொல்வது கொலை ஆகுமா என்ற சட்டச் சிக்கல் எழுந்தது. அதை வாதாடி முடிவுகட்ட அரசுத் தரப்பு முன்வரவில்லை. சாட்சி சொன்னால் உயிருக்கே ஆபத்து என்றாகிவிட்டால் நாளை யார் கோர்ட்டுக்கு வருவார்கள் என்ற பயம் ஒரு காரணம். கிட்டனைக் கொன்றவர்கள் என்று எவரும் தூக்கிலிடப்படவில்லை.

ஜோசஃப் காக்ஸ் அதே வருடம் இந்தக் கும்பலின் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். படித்தவர்கள் கொதித்தார்கள். சன்மானச் சட்டம் அசையவில்லை. 1816இல் ஜார்ஜ் வாகன் என்ற ரோந்துக்காரர் இதே மாதிரி ஆள் தயாரித்துக் கொடுத்து மாட்டினார். 40 பவுண்ட் சன்மானத்தை நாடாளுமன்றம் ரத்து செய்தது அதற்கும் இரண்டு வருடம் கழித்து, 1818இல். அதற்குள் லண்டன் மக்கள் அந்தப் பணத்துக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். இரத்தப் பணம்.

தாமஸ் ப்ளீ? கிட்டனை டாட்டன்ஹாமுக்கு அழைத்துப் போனவன் அவன். கெல்லியையும் எல்லிஸையும் டெட்ஃபோர்டுக்கு இட்டுச் சென்றவனும் அவன். கிட்டனின் கொலை வழக்கில் அவனும் கூண்டில் ஏறினான். சாட்சிக் கூண்டில்.